ஆக்கியோர் இருவர்: கான்ராடு – ஃபோர்டு கூட்டுப் புனைவு பற்றிய ஓர் ஆய்வு

நூலின் முகத்தே நிற்கும் சிறப்புப் பாயிரத்திற்கு உரியன இவை என எண்ணிய நன்னூலார், ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்து, வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பவற்றை அதன்பின் நிறுத்தினார். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்றார். இவ்வரிசையில் ஆக்கியோன் என்னும் சொல் ஒருமையில் நிற்றல் கருதத்தக்கது. நூல் ஒன்றாயின் அதனைச் செய்தோனும் ஒருவனே என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. ஆதலின், இருவர் கூடி ஒரு கதையை எழுதினர் எனக் கேட்ட அளவில், ‘யார் எப்பகுதியை எழுதினார்?’ என்பதே நம் முதல் வினாவாகின்றது. பெரும்பாலும் அதுவே இறுதி வினாவாகவும் நின்றுவிடுகின்றது.

அவ்வினா வேண்டாததன்று, ஆயின், அது மட்டும் போதாது. பகுதிகளைப் பிரித்து உரியவர்க்கு வழங்கிய பின்னும், அப்பகுதிகள் எவ்வாறு இணைந்தன, இணையாதவிடத்து நூல் எதனை இழந்தது, இருவரும் எக்காரணம் பற்றிக் கூடினர், வெளியீட்டின்பின் பெயரும் புகழும் யாரைச் சென்றடைந்தன என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றை ஆராய்தற்கு ஆங்கில இலக்கியத்தில் நல்லதொரு சான்று உண்டு. ஜோசப் கான்ராடும் ஃபோர்டு மாடாக்ஸ் ஃபோர்டும் கூடி எழுதி 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரொமான்ஸ்’ என்னும் நாவலே அது. பாயிர உறுப்புகளுட் சிலவற்றையே அளவுகோலாகக் கொண்டு அந்நாவலை ஈண்டு ஆராய்வாம்.

1. காலமும் களமும்

ரொமான்ஸ் என்னும் சொல் இன்று பெரும்பாலும் காதற்கதையையே குறிக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் பொருள் இதனினும் விரிந்தது. கடற்செலவு, கொள்ளை, சிறை, தப்பியோடுதல் ஆகிய அரிய நிகழ்ச்சிகள் நிறைந்து, அவற்றினூடே காதலும் இழையோடும் கதை அப்பெயர் பெற்றது. 1883இல் நூலாக வந்த ஸ்டீவன்சனின் ‘டிரெஷர் ஐலண்டு’, 1885இல் வந்த ரைடர் ஹாகர்டின் ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’, 1894இல் வந்த ஆண்டனி ஹோப்பின் ‘தி பிரிசனர் ஆஃப் செண்டா’ ஆகியன பெற்ற வரவேற்பு, எழுதுவார் பலரை அவ்வழியில் ஈர்த்தது.

இவ்வரவேற்பிற்குக் காரணம் கதைச்சுவை ஒன்றே அன்று. 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்திற்குப் பின்னர்ப் படிக்கவல்ல மக்கள் தொகை இங்கிலாந்தில் பெருகியது. நாவல்கள் மூன்று தொகுதிகளாக, முப்பத்தொன்றரை ஷில்லிங் விலையில் வெளிவந்து, சந்தா நூலகங்கள் வழியாகவே மக்களைச் சென்றடைந்த முறை 1894ஆம் ஆண்டோடு தளர்ந்து வீழ்ந்தது. ஆறு ஷில்லிங் விலையுள்ள ஒற்றைத் தொகுதி நாவல் அதன் இடத்தைப் பிடித்தது. நூலகத்தார்க்கு விற்ற நிலை மாறிப் படிப்போர்க்கே நேரே விற்கும் நிலை வந்தது. 1891இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் ஆங்கில எழுத்தாளர்க்கு அந்நாட்டிலும் ஊதியம் பெறும் வாயிலைத் திறந்தது. எழுத்தாளர்க்கும் பதிப்பாளர்க்கும் இடையே நின்று கைப்படியை விற்றுத் தரும் இலக்கிய முகவர் என்னும் புதுத் தொழிலினரும் தோன்றினர். கான்ராடு, ஃபோர்டு ஆகியோரின் முகவராகிய ஜே. பி. பிங்கர் அவருள் ஒருவர்.

இத்தகைய களத்தில் இருவர் கூடி எழுதுதல் அருகிய வழக்கன்று. வால்ட்டர் பெசன்ட்டும் ஜேம்ஸ் ரைஸும் 1872ஆம் ஆண்டு முதல், 1882இல் ரைஸ் இறக்கும்வரை, கூடி எழுதினர். அவர்தம் முதல் நாவல் ரைஸ் நடத்திய இதழிலேயே வெளிவந்தது. ஸ்டீவன்சன் தம் மனைவியின் மகனாகிய லாய்டு ஆஸ்போர்னுடன் சேர்ந்து 1889க்கும் 1894க்கும் இடையில் மூன்று நாவல்களை வெளியிட்டார். ஹாகர்டும் ஆண்ட்ரூ லாங்கும் சேர்ந்து 1890இல் ‘தி வேர்ல்ட்ஸ் டிசயர்’ என்னும் புனைவை வெளியிட்டனர். இந்தியச் சமத்தானம் ஒன்றைக் களமாகக் கொண்ட ‘தி நௌலகா’ என்னும் நாவலை, கிப்ளிங் தம் நண்பரும் பதிப்புத் தொழிலினருமாகிய உல்காட் பலஸ்டியருடன் சேர்ந்து எழுதினார்; அது 1892இல் வெளிவந்தது.

இவ்வெடுத்துக்காட்டுகளை வரிசைப்படுத்தி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கூடியவர் இருவருள் ஒருவர்க்குக் கதை உண்டு. மற்றவர்க்குப் பெயர் உண்டு. அல்லது, ஒருவர்க்கு எழுத்துத் திறன் உண்டு. மற்றவர்க்கு இதழோ பதிப்பகமோ உண்டு. ஆகவே கூடி எழுதுதல் என்பது கலையின்பாற்பட்ட நட்பாகத் தோன்றினும், அது வெளியீட்டிற்குச் செல்லும் வழியாகவும் அமைந்தது. இவ்விரு தன்மைகளும் ஒன்றற்கொன்று துணையாயினவா, பகையாயினவா என்பதே நாம் காணவேண்டுவது.

2. காரணமும் வழியும்

கான்ராடு 1857இல் போலந்துக் குடியொன்றிற் பிறந்து, பல்லாண்டு மாலுமியாய்க் கடலில் வாழ்ந்து, 1895இல் தம் முதல் நாவலை வெளியிட்டவர். ஆங்கிலம் அவர்க்குப் போலிஷ், பிரெஞ்சு ஆகியவற்றின்பின் வந்த மூன்றாம் மொழி. திறனாய்வாளர் அவரைப் போற்றினர்; ஆயின், நூல்கள் மிகுதியாக விற்கவில்லை. கடன் தொல்லை அவரை நீங்காதிருந்தது. ஃபோர்டு அவரினும் பதினாறு ஆண்டு இளையவர். ஓவியர் ஃபோர்டு மாடாக்ஸ் பிரௌனின் மகள்வழிப் பெயரர். அந்நாளில் அவர் பெயர் ஃபோர்டு மாடாக்ஸ் ஹியூஃபர். 1919இலேயே ஃபோர்டு என மாற்றிக்கொண்டார். இளமையிலேயே கதைகளும், பாட்டனாரின் வாழ்க்கை வரலாறும் எழுதி வெளியிட்டிருந்தார். இருவரும் 1898இல் எட்வர்டு கார்னெட்டு என்னும் திறனாய்வாளர் வாயிலாக அறிமுகமாயினர். அவ்வாண்டிலேயே கெண்டு மாவட்டத்தில் ஃபோர்டு தம் பொறுப்பில் வைத்திருந்த பெண்ட் பண்ணை வீட்டில் கான்ராடு குடியேறினார். இருவரும் கூடி எழுதும் முடிவு அந்நாளிலேயே பிறந்தது.

ஃபோர்டின் கையில் அப்போது ‘செராஃபினா’ என்னும் கதையின் வரைவு இருந்தது. அதன் மூலம் உண்மை நிகழ்ச்சி ஒன்று. ஆரன் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் 1822இல் கியூபாக் கரையில் கடற்கொள்ளையரிடம் சிக்கினார்; பின்னர்த் தாமே கொள்ளையர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1823இல் இலண்டன் ஓல்டு பெய்லி மன்றத்தில் விசாரிக்கப்பெற்று விடுதலை பெற்றார்; 1824இல் தம் துன்பங்களைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். ஸ்மித்தின் நிகழ்ச்சி முதலாகவும், ஃபோர்டின் வரைவு அதன் வழியாகவும், ‘ரொமான்ஸ்’ அவ்வழியின் வழியாகவும் நிற்றலின், நம் இலக்கண நூலார் கூறும் முதல், வழி என்னும் பாகுபாடு இந்நூற்கு நன்கு பொருந்தும். வழிநூல் செய்வோன் முதனூற் பொருளைத் தழுவி, வேண்டும் வேறுபாடும் படைத்துக்கொள்வான் என்பது நம் மரபு. ஈண்டு அவ்வேறுபாட்டைப் படைத்தவர் இருவர். அவர் வேண்டிய வேறுபாடுகள் வேறு வேறாய் இருந்தமையே சிக்கலின் தோற்றுவாய்.

தம் வரைவைக் கான்ராடுக்கு உரக்கப் படித்துக் காட்டியபோது அவர் பட்ட மனவருத்தத்தை ஃபோர்டு பிற்காலத்தில் விரிவாக எழுதியுள்ளார். கொள்ளையரும் மணமுடியாக் கன்னியும் நீதிமன்றமும் அமைந்த கதையில், நிகழ்ச்சிகள் மெலிந்தும் நடை மென்மையாகவும் இருக்கக் கண்டு கான்ராடு ஏங்கினார் என்பது அதன் சாரம். எச்.ஜி. வெல்ஸ் மிதிவண்டியில் வந்து, கூட்டெழுத்து வேண்டா, அது கான்ராடின் நடையைக் கெடுக்கும் எனத் தம்மைத் தடுத்ததாகவும் ஃபோர்டு குறித்துள்ளார். தடையை மீறி இருவரும் தொடர்ந்தனர். இடையில், 1901இல், ‘தி இன்ஹெரிட்டர்ஸ்’ என்னும் நாவல் இருவர் பெயரிலும் வெளிவந்தது. அது பெரும்பாலும் ஃபோர்டின் கைவண்ணமே என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கருத்து. சொல்லாட்சியைக் கணினியால் எண்ணி ஆராய்ந்து 2014இல் வெளிவந்த கட்டுரையும் அக்கருத்திற்கு அரண் செய்தது. ‘ரொமான்ஸ்’ 1903ஆம் ஆண்டில் இலண்டன் ஸ்மித் எல்டர் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. விரைவில் விற்று ஊதியம் தரும் நூலை விரும்பித் தொடங்கிய பணி ஐந்தாண்டை விழுங்கியது.

3. நுதலிய பொருளும் பகுதிப் பிரிவும்

ஜான் கெம்ப் என்னும் கெண்டு நாட்டு இளைஞன், கள்ளக்கடத்தலில் சிக்கி ஊரைவிட்டு நீங்கி, ஜமைக்காவை அடைகின்றான். அங்கிருந்து கியூபாவில் உள்ள ரியோ மேடியோ என்னும் ஊர்க்குக் கொண்டுசெல்லப்படுகின்றான். அவ்வூரின் முதுபெருங்குடித் தலைவரின் மகள் செராஃபினா. அவ்வூர்க் கொள்ளையர்க்கு மறைவில் துணைநிற்கும் ஐரிஷ்காரன் ஓபிரையன் அவளை அடைய விழைகின்றான். கெம்பும் அவளும் தப்பியோடிக் கடலிலும் குகையிலும் பெருந்துன்பம் உறுகின்றனர். இறுதியில் கெம்ப் கொள்ளையன் எனப் பழி சுமத்தப்பட்டு, இலண்டன் சிறையில் அடைபட்டு, விசாரணையில் விடுதலை பெற்றுக் காதலியை அடைகின்றான். முதியோனாகிய கெம்ப் தன் இளமையை நினைந்து கூறுவதாகக் கதை அமைந்துள்ளது.

நாவல் ஐந்து பகுதிகளை உடையது. பிரிவினை பற்றிக் கான்ராடே தம் நண்பர் ரிச்சர்டு கர்லின் படியில் குறிப்பொன்று எழுதினார். முதற்பகுதியும் இறுதிப்பகுதியும், தாம் எழுதிய சில பத்திகள் நீங்கலாக, ஃபோர்டின் எழுத்து. இரண்டாம் பகுதி உண்மையிலேயே இருவரும் கூடி எழுதியது. மூன்றும் நான்கும், ஆங்காங்கு ஃபோர்டின் தொடர்கள் சில கலந்திருப்பினும், தம் எழுத்து. கதை மாந்தருட் பெரும்பாலோரை அறிமுகம் செய்தவர் ஃபோர்டு, செபிரைட் முதலிய மாலுமியரைப் படைத்தவர் தாம் என்பன அக்குறிப்பின் செய்திகள். ஃபோர்டும் 1924இல், ‘தி நேச்சர் ஆஃப் எ கிரைம்’ என்னும் மற்றொரு கூட்டுக் கதை நூலுருப் பெற்றபோது, அதன் பின்னிணைப்பில் ‘ரொமான்ஸ்’ நாவலின் எழுத்துப் பிரிவினையை விளக்கினார்.

எனவே, ‘யார் எதனை எழுதினார்?’ என்னும் வினாவிற்கு இந்நூலைப் பொறுத்தவரை ஓரளவு தெளிவான விடை கிடைக்கின்றது. கிடைத்தும் நூலின் நிறைகுறைகள் விளங்கவில்லை. அவை பகுதிகளில் இல்லை. பகுதிகள் கூடும் இணைப்பு வாய்களில் உள்ளன.

4. இணைப்பு வாய்

இதனை விளக்குதற்கு நம் இலக்கிய வரலாற்றில் ஒரு செய்தியை ஒப்பிடல் தகும். இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இரட்டைப் புலவருள் ஒருவர் முடவர், மற்றவர் குருடர் என்றும், வெண்பாவின் முற்பாதியை ஒருவர் பாடப் பிற்பாதியை மற்றவர் முடிப்பார் என்றும் கூறுவர். இச்செய்தியில் கதைப்பகுதி எத்துணையாயினும், அதன் உள்ளே ஓர் இலக்கண உண்மை அடங்கியுள்ளது. முன்னவர் விடுத்த ஈற்றுச்சீர் காயாயின் பின்னவர் தொடங்கும் சீர் நேரசை கொண்டே வருதல் வேண்டும். வெண்டளை ஒருவரை மற்றவரோடு பிணிக்கின்றது. எதுகையும் மோனையும் அப்பிணிப்பை உறுதிசெய்கின்றன. பாடுவோர் இருவராயினும் யாப்பு ஒன்று. கூட்டிற்கு வேண்டிய கட்டுப்பாட்டைச் செய்யுளே தருகின்றது.

உரைநடை நாவலுக்கு அத்தகைய தளை இல்லை. தன்மை நிலையில் கூறப்படும் கதையில், கூறுவோன் குரல் ஒன்றே யாப்பாக நின்று எல்லாவற்றையும் கட்டவேண்டும். ‘ரொமான்ஸ்’ நாவலில் அக்குரல் ஒன்றாக நிலைக்கவில்லை. முதற்பகுதியில் கெம்ப், வீட்டின் இறுக்கம் பொறாது புதுமையை நாடும் இளைஞன். காட்சிகள் விரைந்து மாறுகின்றன. அவன் கேட்பதும் காண்பதும் முழுமையுறாமலே அடுத்தது தொடங்குகின்றது. மூன்றாம் நான்காம் பகுதிகளிலோ, ஒவ்வொரு கணமும் நீண்டு பருக்கின்றது. மூடுபனி சூழ்ந்த கடலில் செல்லும் ஓடமும், குகையில் அடைபட்டு நீர்வேட்கையால் வாடும் நிலையும் தனித்தனியே எடுத்தோதத்தக்க ஆற்றல் வாய்ந்தவை. பகைவனைக் கொல்லும் வாய்ப்பு வந்தும் கொல்லாது விடுத்தமை பற்றிய உள்ளப் போராட்டம் கெம்பை வேறொரு மனிதனாக்குகின்றது. ஐந்தாம் பகுதியில் சிறையும் மன்றமும் வந்தவுடன் பழைய விரைவு மீள்கின்றது. குகையில் அத்துணை எடை தாங்கிய உள்ளம் மன்றத்தில் அதனை எங்கு இறக்கி வைத்தது எனப் படிப்போர் வினவுவர். நூலில் விடை இல்லை.

ஆசிரியர் இருவரும் இக்குறையை அறியாதவரல்லர். முதியோன் தன் இளமையை நினைந்து கூறுதல் என்னும் உத்தி அதனை மறைத்தற்கு ஓரளவு துணைபுரிகின்றது. நினைவு சிலவற்றைப் பெரிதாகவும் சிலவற்றைச் சிறிதாகவும் காட்டும் இயல்பினது அன்றோ? எனினும், நினைவின் இயல்பால் எழுந்த ஏற்றத்தாழ்வு வேறு. கை மாறியதால் எழுந்த ஏற்றத்தாழ்வு வேறு. முன்னது கூறுவோன் பண்பை விளக்கும். பின்னது எழுதியோர் பண்பையே விளக்கும்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது செராஃபினா. கதை முதலில் அவள் பெயராலேயே வழங்கிற்று. முடிந்த நூலில் அவள் அழகும் பெருமிதமும் அமைதியும் உடையவளாகத் தோன்றுகின்றாள். அவற்றின் உள்ளே நாம் செல்ல இயலவில்லை. அவள் பொருட்டுக் கெம்ப் படும் துன்பமெல்லாம் நம்மை உருக்குகின்றது. அவள் துன்பம் அத்துணை உருக்குவதில்லை. இஃது ஏன்? கப்பல், குகை, சிறை, மன்றம் ஆகிய புறப்பொருள்களைப் பற்றி இருவர் எளிதில் உடன்படலாம். ஒருவர் அறிந்ததை மற்றவர்க்குச் சொல்லலாம், மற்றவர் திருத்தலாம். ஒரு பெண்ணின் அகத்தைப் பற்றி அவ்வாறு பேசி முடிவுசெய்தல் அரிது. அவளை அறிமுகம் செய்தவர் ஃபோர்டு. அவள் பெருந்துன்பம் உறும் பகுதிகளை எழுதியவர் கான்ராடு. அவளைக் கெம்புடன் சேர்த்து வைத்தவர் மீண்டும் ஃபோர்டு. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும்போது, காதற்புனைவில் காதலியே இடையில் நழுவினாள் என்க.

5. ஒரு மறுதலைச் சான்று

அற்றாயின், கூடி எழுதுவோர்க்கு அகத்திணைப் பொருள் எட்டாதோ எனின், அன்று. பிங்கரே முகவராக இருந்த மற்றோர் இணையரை ஈண்டு ஒப்பிடுதல் வேண்டும். அயர்லாந்தினராகிய எடித் சமர்வில் (1858–1949), ‘மார்ட்டின் ராஸ்’ என்னும் புனைபெயர் கொண்ட வயலட் மார்ட்டின் (1862–1915) ஆகிய இருவரும் உறவினர். 1886இல் முதன்முதல் சந்தித்துப் பின்னர்க் கூடி எழுதத் தலைப்பட்டனர். 1889இல் வெளிவந்த முதல் நாவலில் சமர்வில் தம் பெயரையும் மறைத்தே வெளியிட்டார். 1894இல் வெளிவந்த ‘தி ரியல் ஷார்லட்’ அவர்தம் நாவல்களுள் தலையாயது. காதலில் ஏமாற்றமுற்ற ஷார்லட்டும், அழகும் அறியாமையும் ஒருங்கே உடைய பிரான்சி என்னும் இளம்பெண்ணும் அதன் மாந்தர். இருவர் அகமும் அதிற் புலப்படுமாறு போலச் செராஃபினாவின் அகம் புலப்படவில்லை என்பதைப் படிப்போர் எளிதில் உணர்வர். எவ்வரி யாருடையது எனப் பிரிக்கவும் அந்நாவல் இடம் தருவதில்லை.

வேறுபாட்டின் காரணம் ஆராய்தற்குரியது. சமர்விலும் மார்ட்டினும் ஒரே குடியின் கிளையினர். ஒரே வகை வாழ்க்கையைக் கண்டவர். ஊராரின் பேச்சை ஒரே செவியால் கேட்டவர். அவர்கள் பகுதிகளைப் பங்கிட்டுக் கொள்ளவில்லை. பேசிப் பேசியே தொடர்களை அமைத்தனர். எழுதுவதற்கு முன்னரே அவர்களிடம் பொதுவாய் ஒன்று இருந்தது. கான்ராடுக்கும் ஃபோர்டுக்கும் அவ்வாறன்று. மொழி, நாடு, அகவை, தொழில் ஆகிய அனைத்தாலும் வேறுபட்ட அவர்கள், எழுதத் தொடங்கிய பின்னரே பொதுவாய் ஒன்றைத் தேடினர். தேடியது கிடைத்தது, ஆயின், அந்நாவலுக்குப் பயன்படும் காலத்தில் கிடைக்கவில்லை. இதனை முடிவில் காண்போம்.

மார்ட்டின் 1915இல் இறந்த பின்னரும், சமர்வில் தம் நூல்களை இருவர் பெயராலேயே தொடர்ந்து வெளியிட்டார். இறந்தவரோடு தாம் தொடர்பு கொண்டிருப்பதாக அவர் நம்பினார். அந்நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. எழுதியோர் பெயரைத் துறவாமை போற்றத்தக்கது. கான்ராடு – ஃபோர்டு வரலாற்றில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது.

6. ஆக்கியோன் பெயர்

‘ரொமான்ஸ்’ நாவலின் முகப்பில் கான்ராடின் பெயர் முன்னும் ஃபோர்டின் பெயர் பின்னுமாக நின்றன. கதையைக் கொணர்ந்தவரும், தொடக்கமும் முடிவும் எழுதியவரும் பின்னவர். அறியப்பட்ட பெயர் முன்னவருடையது. நூல் ஓரளவு விற்றது. இருவரும் எதிர்பார்த்த பெருவரவு வரவில்லை. கான்ராடுக்கு அது வந்தது, 1914இல் பரவிய ‘சான்ஸ்’ என்னும் நாவலால். அது கான்ராடு தனித்தெழுதியது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, ஃபோர்டு நடத்திய ‘இங்கிலிஷ் ரெவியூ’ இதழையொட்டி எழுந்த பிணக்கால், நட்பு முறிந்திருந்தது.

1924 ஆகஸ்டு மாதத்தில் கான்ராடு இறந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் ஃபோர்டு தம் நினைவுநூலை வெளியிட்டார். கூட்டெழுத்து நாள்களில் தமக்கிருந்த பங்கினை அதில் விரிவாகக் கூறினார். கான்ராடின் மனைவி ஜெசி அதனைக் கடுமையாக மறுத்து, இலண்டன் ‘டைம்ஸ்’ இலக்கியத் துணையிதழுக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் நெடுங்காலம், ஃபோர்டின் கூற்று மிகைபடக் கூறல் என்றே ஒதுக்கப்பட்டது. நிகழ்ச்சிகளைச் சுவைபட மாற்றிக் கூறும் இயல்பு ஃபோர்டுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை; தம் நூலின் முன்னுரையிலேயே அதனை வரலாறாக அன்றி நாவலாகக் கொள்ளுமாறு கூறினார். ஆயினும், ஒருவர் மிகைபடக் கூறினார் என்பதனால் அவர் ஒன்றும் செய்திலர் என்பது பெறப்படாது. எழுத்துப் பிரிவினையில் கான்ராடின் கைக்குறிப்பே ஃபோர்டின் உரிமையை நிறுவுகின்றது. 1904இல் வெளிவந்த ‘நாஸ்ட்ரோமோ’வின் கைப்படியில் சில பக்கங்கள் ஃபோர்டின் கையெழுத்தில் உள்ளன. கான்ராடு சொல்ல அவர் எழுதினாரா, நோயுற்ற நண்பர்க்காகத் தாமே எழுதினாரா என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடுகின்றனர். எவ்வாறாயினும், கை அவருடையது என்பது உறுதி.

புகழ் பெற்றவர் பெயர் ஒளியில் மற்றவர் உழைப்பு மறைதல் கூட்டெழுத்தின் பொது இடர். வெளியீட்டிற்கு வழி திறந்த அதே பெயர், பின்னர் வரலாற்றில் அவ்வழியை அடைத்து நிற்கின்றது. கேட்போர் ஒரு பெயரையே நினைவில் வைப்பர். பதிப்பாளரும் அதனையே அறிவிப்பர். காலம் செல்லச் செல்லத் திறனாய்வாளரும் அதனையே ஆள்வர். நூலாராய்ச்சியாளர் கடமை இவ்விடத்தே தொடங்குகின்றது.

7. பயன்

இனிப் பயன் யாது எனக் காண்போம். விற்பனையை அளவாகக் கொள்ளின் ‘ரொமான்ஸ்’ நோக்கம் நிறைவேறாத நூல். கலையை அளவாகக் கொள்ளின், சிறந்த பகுதிகளை உடைய, ஒருமையற்ற நூல். ஆயின், அந்நூலை எழுதிய வழியில் இருவரும் பெற்றது அந்நூலினும் பெரிது.

ஐந்தாண்டு அவர்கள் பேசியது பெரும்பாலும் எழுதும் முறை பற்றியே. தகுந்த சொல்லைத் தேடுதல். ஒவ்வொரு தொடரும் கதையை முன்செலுத்துமாறு அமைத்தல், முடிவை நோக்கி அவ்வேகத்தை மிகுவித்தல். ஒருவனைப் பிறப்பு முதலாக வரிசைப்படக் கூறாது, முதலில் வலிய தோற்றம் ஒன்றைத் தந்து, பின்னர் முன்னும் பின்னுமாகச் சென்று அவனை அறியச் செய்தல் ஆகியவை அவர்கள் கண்ட முறைகள் என ஃபோர்டு எழுதினார். அக்காலத்தே வெளிவந்த ‘லார்டு ஜிம்’ (1900), ‘நாஸ்ட்ரோமோ’ ஆகியவற்றில் காலம் முன்பின்னாக மடங்கிச் செல்லுதலை யாவரும் காணலாம். பன்னிரண்டு ஆண்டின்பின் ஃபோர்டு எழுதிய ‘தி குட் சோல்ஜர்’ (1915), நினைந்து கூறுவோன் குரலையே முழுக்க முழுக்க யாப்பாகக் கொண்டு, ‘ரொமான்ஸ்’ தவறவிட்ட ஒருமையை எய்தியது. இவையனைத்தும் கூட்டெழுத்தின் விளைவு என்று கூறல் மிகையாகும்; கான்ராடு அம்முறைகளுட் சிலவற்றை முன்னரே கையாண்டவர். இருவர் உரையாடலில் அவை பெயரும் வடிவும் பெற்றுத் தெளிவுற்றன என்பது மிகையாகாது.

ஆகவே, கூட்டெழுத்து நூல்களை ஆராயப் புகுவார் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். முதலாவது, பகுதிகளைக் கட்டும் தளை யாது? செய்யுளாயின் யாப்பு, நாவலாயின் கூறுவோன் குரலோ, எழுதுவோர்க்குப் பொதுவாகிய வாழ்க்கையோ. இரண்டாவது, அத்தளை நெகிழ்ந்தவிடத்து எம்மாந்தர், எவ்வுணர்வு நழுவிற்று? மூன்றாவது, வெளியீட்டின் பொருட்டுச் சேர்ந்த பெயர்களுள் எதனைக் காலம் மறைத்தது, அதனை மீட்டற்கு உரிய சான்று யாது? யார் எப்பகுதியை எழுதினார் என்னும் வினா இம்மூன்றற்கும் வாயிலேயன்றி முடிவன்று. தமிழிலும் சுரேஷ், பாலகிருஷ்ணன் என்னும் இருவர் ‘சுபா’ என்னும் ஒரே பெயரால் நாவல்கள் பல எழுதியுள்ளனர். பெயர் ஒன்றாகவே நிற்கும் அத்தகைய நூல்களுக்கு இவ்வினாக்கள் எவ்வாறு பொருந்தும் என்பது ஆராய்ச்சி மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி.

ஆக்கியோன் பெயரை நன்னூலார் முதற்கண் வைத்தது அப்பெயரைப் போற்றுதற்கு மட்டும் அன்று. நூலின் பொறுப்பு யாரைச் சாரும் எனக் காட்டுதற்கும் ஆம். இருவர் செய்த நூலில் பொறுப்பும் இருவர்க்கும் உரியது. ‘ரொமான்ஸ்’ நாவலின் குகைக் காட்சிக்குக் கான்ராடைப் போற்றுவோர், அக்குகைக்குக் கெம்பைக் கொணர்ந்து சேர்த்த ஃபோர்டையும் உடன் நினைத்தல் வேண்டும். செராஃபினா உயிர்பெறாமைக்கு ஃபோர்டைக் குறைகூறுவோர், அவளை நெடிது ஏந்தி நின்ற கான்ராடின் கையையும் காணல் வேண்டும். நிறையையும் குறையையும் ஒருங்கே பகிர்ந்தளிப்பதே கூட்டு நூலுக்குத் திறனாய்வாளர் செய்யும் முறை என்பது இவ்வாய்வாற் பெறப்படும் முடிபாம்.